மாசி மகத்துக்கு ஒரு கடலோர வீடு

சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைக் கடந்ததும், இடப்புறத்தில் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே உயர்ந்த மதிற்சுவர்கள் தென்படத் தொடங்குகின்றன. அவற்றின் பின்னே இருப்பவை கடற்கரை வீடுகள். உரிமையாளர்கள் ஆண்டில் சில நாட்களே வந்து தங்குவதால், எஞ்சிய நாட்களில் பல வீடுகள் முழுமையாக நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. அறைகள், சமையலறை, பாத்திரங்கள், படுக்கைகள், சில வீடுகளில் நீச்சல் குளம் என அனைத்தும் இருக்கும். வார இறுதிகளில் வருவோர் பெரும்பாலும் இளைஞர்கள். நள்ளிரவு கடந்தும் பாட்டொலி கேட்கும்.

முற்காலத்தில் யாத்திரை செல்வோர் சத்திரங்களில் தங்கினர். அரிசியும் பருப்பும் உடன் கொண்டுசென்று, அங்கேயே சமைத்து உண்டு, தரிசனம் முடித்துத் திரும்புவர். இன்று கோயில் ஊர்களில் விடுதிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் விடுதி என்பது ஒரு குடும்பத்தை அறை அறையாகப் பிரித்துக் கதவைச் சாத்திவிடுகிறது. கூடத்தில் வரிசையாக இலை போட்டு உண்ணும் வாய்ப்பை அது தருவதில்லை. இக்காரணத்தாலேயே, 19 பேர் கொண்ட குடும்பம் ஒன்று மாசி மகத்தை ஒட்டி, திருவிடந்தைக்கு அருகே ஒரு கடற்கரை வீட்டை மூன்று இரவுகளுக்கு எடுத்தது.

அக்குடும்பத்தின் தலைவி 84 வயது மூதாட்டி. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் வாழ்ந்தவர். மாசி மகம்தோறும் மகாமகக் குளத்தில் நீராடியவர். 2016ஆம் ஆண்டு மகாமகமே அவர் அங்கு நீராடிய கடைசி முறை. அடுத்த மகாமகம் 2028இல். அதுவரை காத்திருக்கத் தம் உடல் சம்மதிக்குமோ என்னவோ என்று அவர் சிரித்தபடியே சொல்வதுண்டு. கணவரின் மறைவுக்குப் பின் சென்னையில் இளைய மகனுடன் வசித்துவரும் அவருக்குக் கும்பகோணம் வரையிலான பயணத்தை மருத்துவர் மறுத்துவிட்டார். கடல்மல்லையில் தீர்த்தவாரி உண்டே, அங்கே செல்லலாம் என்ற யோசனை அவருடையதுதான். அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தார். பிள்ளைகள் மூவரும் ஒரே கூரையின்கீழ் தங்க வேண்டும்.

அந்த நிபந்தனைதான் கடினமானது. கிராமத்துப் பூர்வீக வீடு விற்கப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூத்த மகனுக்கு விற்க மனமில்லை. பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு ஓடு மாற்றவும் வரி கட்டவும் யாருக்கு முடியும் என்பது இளைய மகனின் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே சண்டை தீரவில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் அடுத்தடுத்து நின்று கையெழுத்திட்ட நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதில்லை. குடும்பத் திருமணங்களில் ஒருவர் பந்தியில் அமர்ந்தால் மற்றவர் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார். செய்திகள் யாவும் நடுவில் பிறந்த சகோதரியின் வழியாகவே சென்றுவந்தன.

வீட்டை ஏற்பாடு செய்தவரும் அச்சகோதரியே. முன்பணம் செலுத்துமுன் அவர் கேட்டறிந்த விவரங்கள், முதியோருடன் செல்லும் எவருக்கும் பயன்படக்கூடியவை. தரைத்தளத்தில் படுக்கையறை எத்தனை, கழிவறையில் கைப்பிடி உண்டா, நீச்சல் குளத்துக்குத் தடுப்பு உண்டா, குடிநீர் எங்கிருந்து வருகிறது, சமையலறையில் சொந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்தலாமா என்பன அவை. கடலோரத்தில் பல இடங்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். ஆதலால் குளிக்க லாரித் தண்ணீரும், சமைக்கவும் குடிக்கவும் கேன் தண்ணீரும் சொல்லிவைத்தார். தளிகைக்குப் பித்தளைப் பாத்திரங்களும் புதிய கரண்டிகளும் சென்னையிலிருந்தே வந்தன.

அவர் கேட்க மறந்தது ஒன்றே ஒன்று. வீட்டிலிருந்து அலையோரம் வரை எவ்வளவு தூரம் என்பதைத்தான் கேட்டார். வழி எப்படிப்பட்டது என்று கேட்கவில்லை. படத்தில் மிக அருகே தெரிந்த கடல், கால் புதையும் மணலுக்கு அப்பால் இருந்தது. சக்கர நாற்காலி பின்வாசற்படியோடு நின்றுவிட்டது.

வீட்டில் பூஜையறை என்று ஒன்று இல்லை. கட்டியவருக்கு அது தேவைப்படவில்லை போலும். சமையலறைக்குப் பின்புறம், முன்பு தங்கியவர்கள் விட்டுச்சென்ற காலிப் புட்டிகள் ஒரு மூட்டையில் கிடந்தன. மருமகள்கள் முகம் சுளித்தனர். மூதாட்டியோ ஒன்றும் சொல்லாமல் மஞ்சள் நீர் கரைக்கச் சொன்னார். கூடமும் சமையலறையும் கழுவப்பட்டன. வாசலில் கோலம் விழுந்தது. கூடத்திலிருந்த பெரிய தொலைக்காட்சி பட்டுத்துணியால் மூடப்பட்டது. அதன் முன்னிருந்த மேசையில் மூதாட்டியின் சாளக்கிராமச் சம்புடமும் ஒரு குத்துவிளக்கும் இடம்பெற்றன. தொலைக்காட்சி முன் அமரும் பழக்கமுள்ள பேரக்குழந்தைகளுக்கு அதன் பிறகு அமரும் திசையை மாற்ற வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சிக்கல் அன்றிரவே தொடங்கியது. தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறைகளே இருந்தன. ஒன்று மூதாட்டிக்கு. முதலில் வந்துசேர்ந்த இளைய மகன் குடும்பத்தார், விவரம் அறியாமல் மற்றொன்றில் பெட்டிகளை இறக்கிவிட்டனர். இருட்டிய பின் வந்த மூத்தவருக்கு மாடியறை வாய்த்தது. முழங்கால் வலியுள்ள அவர் படிகளை ஒருமுறை பார்த்தார். எதுவும் பேசாமல் கூடத்தின் மூலையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். சகோதரி இருபுறமும் சென்று பேசியும் பலனில்லை.

தூக்கம் வராத மூதாட்டி கூடத்துக்கு வந்து சோபாவில் அமர்ந்தார். சுற்றிலும் படுத்திருந்த பேரக்குழந்தைகள் கதை கேட்டனர். அவர் சொன்னது கடல்மல்லையின் கதை. புண்டரீக முனிவர் ஆயிரம் இதழ்த் தாமரையொன்றைப் பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமானின் திருவடியில் சேர்க்க விரும்பினார். வழியில் கடல் குறுக்கிட்டது. அவர் கலங்கவில்லை, கையால் கடல்நீரை இறைத்து வழி உண்டாக்கத் தொடங்கினார். ஒரு முதியவர் அங்கு வந்து, பசிக்கிறது என்று உணவு கேட்டார். முனிவர் உணவு கொணரச் சென்று திரும்பியபோது, அந்த முதியவர் தாமரையைத் திருவடியில் கொண்டு, வெறுந்தரையிலேயே படுத்திருந்தார். ஆதிசேடனாகிய படுக்கையும் இல்லை. அதனாலேயே அங்கு பெருமாளுக்குத் தலசயனப் பெருமாள் என்று திருநாமம். பூதத்தாழ்வார் அவதரித்த தலமும் அதுவே.

“பெருமாளுக்கு முதுகு வலிக்காதா, பாட்டி?” என்று ஒரு குழந்தை கேட்டது.

“வலிக்கும். பக்தனிடம் கோபமில்லாததால் படுத்திருக்கிறார்” என்றார் மூதாட்டி.

கதவு திறந்திருந்த கீழறையில் விளக்கு அணையாமலிருந்தது. விடியற்காலையில் அவ்வறையின் பெட்டிகள் மாடிப்படியருகே அடுக்கப்பட்டிருந்தன. படுக்கையில் புதிய விரிப்பு போடப்பட்டிருந்தது.

அன்று காலைத் திருவாராதனத்திலும் ஒரு சங்கடம் காத்திருந்தது. தாய் தம்முடன் இருப்பதால் நாள்தோறும் சாளக்கிராம பூஜை செய்துவருபவர் இளைய மகன். வழக்கம்போல் நீராடி, ஈர வேட்டியுடன் அவர் மேசையருகே நின்றார். அந்த நேரத்தில் மூத்தவரும் நீராடி வந்தார். தம்பி எதுவும் பேசவில்லை. தீர்த்தப் பாத்திரத்தை மட்டும் அண்ணன் பக்கமாக நகர்த்திவைத்துவிட்டு, சற்றே விலகி நின்று மந்திரத்தைத் தொடர்ந்தார்.

பின்னர் அனைவரும் திருவிடந்தை சென்றனர். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான அத்தலம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே அமைந்துள்ளது. விரைந்து செல்லும் வாகனங்களில் இருப்போர் பலர் இக்கோயிலைக் கவனியாமலே கடந்துவிடுவது வருந்தத்தக்கது. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த தலம். காலவ முனிவரின் 360 பெண்களையும் நாளுக்கொருவராக மணந்த பெருமாள், நிறைவு நாளில் அனைவரையும் ஒருவராக்கி, அகிலவல்லி நாச்சியாராகத் தம் இடப்பாகத்தில் ஏற்றார் என்பது தலவரலாறு. திருவாகிய தேவியை இடப்புறம் கொண்ட எந்தை என்பதால் திரு இட எந்தை. அதுவே திருவிடந்தை ஆயிற்று. மூலவர் ஆதிவராகர். உற்சவர் நித்ய கல்யாணப் பெருமாள். அவரது கன்னத்தில் இயற்கையாகவே அமைந்த திருஷ்டிப் பொட்டை அர்ச்சகர் தீபம் காட்டிக் காண்பிப்பார். திருமணம் கைகூடாதோர் மாலை வாங்கிச் சாத்தி, பிரசாதமாகப் பெற்ற மாலையை அணிந்து பிராகாரத்தை ஒன்பது முறை வலம்வருவது இத்தலத்தின் வழக்கம். திருமணமான பின் தம்பதியாக மீண்டும் வந்து பழைய மாலையைச் சேர்ப்பிக்க வேண்டும்.

மூத்தவரின் மகளுக்கு 31 வயது. அவள் மாலையணிந்து வலம் வந்தபோது, எத்தனை சுற்று முடிந்தது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு தூணருகே நின்றவர் சிற்றப்பா. ஏழாவது சுற்றை எட்டாவது என்று அவள் சொல்ல, அவர் தலையசைத்து மறுத்தார்.

மாலையில் சிலர் சாளுவன்குப்பம் சென்றுவந்தனர். புலிக்குகையைக் காண அங்கு செல்வோர், சற்றுத் தொலைவிலுள்ள முருகன் கோயிலின் எச்சங்களையும் தவறாது காண வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றதால் பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து 2005இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்து இக்கோயிலைக் கண்டனர். பல்லவர் காலக் கற்றளியின்கீழ், அதற்கும் முந்தைய செங்கல் கோயில் ஒன்று இருக்கிறது. வடக்கு நோக்கிய கருவறை. முன்னே ஒரு கல் வேல். ஊரை அழித்த அதே கடல், மூடியிருந்த கோயிலையும் காட்டிக்கொடுத்தது.

அந்தக் கடலை மூதாட்டி முதல் இரண்டு நாட்களும் தொடவில்லை. பர்வ காலம் தவிர மற்ற நாட்களில் சமுத்திரத்தைத் தீண்டலாகாது என்பது அவர் கற்றுணர்ந்த சாத்திரம். பின்வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்து அலைகளைப் பார்த்தபடி நாமம் சொல்வதோடு சரி. பேரப்பிள்ளைகளோ வந்த முதல் மாலையே நீரில் இறங்க ஓடினர். அவர்களைத் தடுத்தவர் வீட்டுக் காவலாளி. பக்கத்து மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர். மேலே அமைதியாகத் தோன்றினாலும் இக்கரையில் நீர் அடியில் இழுக்கும், திரும்பும் அலை காலடி மணலைப் பறித்துவிடும், முழங்காலுக்குமேல் ஒருவரும் செல்லக்கூடாது என்று அவர் உறுதியாகக் கூறினார். சாத்திரத்துக்குக் கட்டுப்படாத பிள்ளைகள் காவலாளிக்குக் கட்டுப்பட்டனர். இக்கரையில் விடுமுறையைக் கழிக்க வந்து உயிரிழந்தோர் உண்டு என்பதால், அவரது கண்டிப்பைக் குறைகூற இயலாது.

இன்னொரு வேண்டுகோளையும் அவர் வைத்தார். இரவில் கடலை நோக்கிய விளக்குகளை அணைத்துவிட வேண்டும். மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். வெளிச்சம் கண்டால் அவை மிரளும், பொரிந்து வரும் குஞ்சுகளோ கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து மடியும் என்று விளக்கினார். கூர்ம அவதாரத்துக்கு இந்த உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று மூதாட்டி தாமே சென்று பின்வாசல் விளக்கை அணைத்தார்.

இரண்டாம் நாள் இரவு கணக்குப் பேச்சு எழுந்தது. பலர் சேர்ந்து தங்கும் இடங்களில் மனக்கசப்பு பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேதான் முளைக்கிறது. தலைக்கு இவ்வளவு என்பதா, குடும்பத்துக்கு இவ்வளவு என்பதா? மூத்தவர் வீட்டில் மூவர். இளையவர் வீட்டில் ஒன்பது பேர். வீட்டுப் பாகப்பிரிவினையின்போது எழுந்த அதே தர்க்கம் புதிய உருவில் வந்து நிற்பதை இருவரும் உணர்ந்தனர். குரல்கள் உயரும் முன், சகோதரி ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்தார். வாடகை, லாரித் தண்ணீர், காய்கறி, வேன் கட்டணம், காவலாளிக்கு வெகுமதி வரை அனைத்தும் தேதிவாரியாக எழுதப்பட்டிருந்தன. வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘அம்மா’.

கிராமத்து வீட்டை விற்றபோது தாய்க்கு வந்த பங்கு வங்கியில் வைப்புத்தொகையாக இருந்தது. நான்கு ஆண்டுகளாக அதன் வட்டியை அவர் தொட்டதே இல்லை. இந்த மூன்று நாட்களுக்கான முழுச் செலவும் அதிலிருந்தே வந்தது என்பது அன்றுதான் மகன்களுக்குத் தெரிந்தது.

“அந்த வீட்டுப் பணத்தில் எல்லோரும் ஒரு வீட்டில் இருந்துவிட்டோம். அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு மூதாட்டி படுக்கச் சென்றார். நோட்டுப் புத்தகத்தை மூத்தவர் ஒருமுறையும், இளையவர் ஒருமுறையும் கூட்டிப் பார்த்தனர். கூட்டுத்தொகை சரியாகவே இருந்தது.

மாசி மகத்தன்று விடியுமுன் மாமல்லபுரம் புறப்பட்டனர். திருவிடந்தையிலிருந்து 15 கிலோமீட்டர் அளவுக்கே தூரம் என்றாலும், அன்று சாலை முழுவதும் கூட்டம். கடற்கரையில் அவர்கள் கண்ட காட்சி எதிர்பாராதது. நிலவொளியில், கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மணலில் சிறு சிறு குடில்கள். சவுக்குக் கழிகளை நட்டு, சேலைகளைச் சுற்றிக் கட்டிய தடுப்புகள். உள்ளே குழந்தைகளும் முதியோரும் உறங்கிக்கொண்டிருந்தனர்.

அவர்கள் இருளர் பழங்குடியினர். வட மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு இங்கே குடும்பம் குடும்பமாகக் கூடுவது அவர்கள் மரபு. இவ்வழியில் உள்ள வடநெம்மேலியில் 1978 முதல் பாம்பு நஞ்சு எடுத்து, நஞ்சுமுறி மருந்து தயாரிக்க வழங்கிவரும் கூட்டுறவுச் சங்கமும் இம்மக்களுடையதே. அவர்கள் குலதெய்வம் கன்னியம்மன். அம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குச் சென்றுவிடுவதாகவும், சொந்தபந்தம் அனைத்தும் திரண்டு வந்து வேண்டினால் மனமிரங்கித் திரும்புவாள் என்பதாகவும் அவர்கள் நம்புகின்றனர். விடியலில் அலையோரம் ஈர மணலால் ஏழு படிகள் அமைத்து, பூவும் பழமும் வைத்து வழிபடுகின்றனர். பெண் பார்த்தல், நிச்சயம், திருமணம், குழந்தைக்குப் பெயரிடுதல் அனைத்தும் அந்த மணலிலேயே நடைபெறுகின்றன. ஆறு படுக்கையறை கொண்ட வீட்டில் இடம் போதவில்லை என்று முதலிரவில் முகம் வாடியவர்கள், ஒரு சேலை நிழலில் மூன்று தலைமுறை படுத்திருப்பதைப் பார்த்தபடி மௌனமாக நடந்தனர்.

நடக்க இயலாதவர் மூதாட்டி ஒருவரே. சக்கர நாற்காலி இங்கும் மணலில் புதைந்தது. வேனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவரப்பட்டது. பேரன்கள் இருவர் தூக்க முன்வந்தபோது, மூதாட்டி கையை உயர்த்தித் தடுத்தார்.

“நான் தூக்கி வளர்த்தவர்கள் தூக்கட்டும்.”

மூத்தவர் இடப்புறமும் இளையவர் வலப்புறமும் நின்றனர். நாற்காலியைத் தூக்க இருவரும் ஒரே நேரத்தில் குனிய வேண்டும். ஒரே நேரத்தில் நிமிர வேண்டும். முதல் முயற்சியில் ஒருபக்கம் சாய்ந்தது.

“அண்ணா, ஒன்று, இரண்டு சொல்லுங்கள்” என்றார் தம்பி.

“ஒன்று... இரண்டு...” என்றார் அண்ணன்.

பத்தடிக்கொருமுறை நாற்காலியை இறக்கி வைத்தனர். மூத்தவரின் முழங்கால் நடுங்கியது. “வலிக்கிறதா?” என்று தம்பி கேட்டார். “உனக்கு மூச்சு வாங்குகிறதே, அதைப் பார்” என்றார் அண்ணன். பேரன்கள் பின்னால் நாற்காலியைத் தாங்கிப்பிடித்துக்கொண்டே வந்தனர். மூதாட்டி யாரையும் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழக்கு வெளுத்தது. மேளமும் நாகசுரமும் நெருங்கி வந்தன. பெருமாள் கடற்கரைக்கு எழுந்தருள, கூட்டம் இருபுறமும் விலகிக் கைகூப்பியது. சக்கரத்தாழ்வாருக்குத் தீர்த்தவாரி நடைபெற்ற கணத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒருசேர நீரில் இறங்கினர். அவ்விடத்திலிருந்து சற்று ஒதுங்கி, அலை வந்து கணுக்காலை மட்டுமே தொடும் இடத்தில் மூதாட்டியின் நாற்காலி வைக்கப்பட்டிருந்தது. மூழ்கிக் குளிக்க அவருக்கு இயலாது. ஆழத்துக்குக் கொண்டுசெல்லவும் துணிவில்லை. மகள் ஒரு செம்பில் கடல்நீரை முகந்து வந்தாள். அதை மகன்கள் இருவரும் சேர்ந்து பிடித்துத் தாயின் தலையில் வார்த்தனர். உப்புநீர் கண்ணில் பட்டதால் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். நெடுநேரம் திறக்கவில்லை.

பின்னர் தலசயனப் பெருமாளைச் சேவித்தனர். ஆதிவராகர் குகைக் கோயிலையும் மூதாட்டி விசாரித்தார். அங்கு பெருமாள் தேவியை வலப்புறம் கொண்டிருப்பதால் திருவலவெந்தை என்று வழங்கும். இடவெந்தையைச் சேவித்தவர் வலவெந்தையையும் சேவித்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம். அன்றைய கூட்டத்தில் அது கூடவில்லை. வெளியில் நின்றே வணங்கினார்.

மறுநாள் காலை வீட்டைக் காலிசெய்தனர். பித்தளைப் பாத்திரங்கள் துலக்கி எண்ணிக் கட்டப்பட்டன. தொலைக்காட்சியின் மேலிருந்த பட்டுத்துணி அகற்றப்பட்டது. சாவியைப் பெற வந்த காவலாளி, வாசற்கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். வண்டிகளில் யார் எங்கே அமர்வது என்று சகோதரி பட்டியலிட்டு வைத்திருந்தார். அதைப் பார்க்காமலேயே மூத்தவர் தம் கைப்பையை எடுத்துக்கொண்டு இளையவரின் காரில் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். அங்கே கால் நீட்டி அமர வசதியாக இருக்கும் என்று காரணமும் சொன்னார்.